அப்பாவின் 120ஒய்க்கு எந்த எஞ்சின்?

பழைய காருக்கு எஞ்சின் மாற்றுவது பற்றி மாதத்திற்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் கேட்கிறார்கள். "எது போட்டா நல்லா இழுக்கும்?" என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. இந்த வாரம் வந்த கடிதத்தில் அதற்கு மேலும் ஒன்று இருந்தது. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

எழுதியவர் பெட்டாலிங் ஜெயாவில் வேலை செய்யும் பெண். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஈப்போவில் உள்ள வீட்டில் அப்பாவின் டட்சன் 120ஒய் நிற்கிறது. 1977ஆம் ஆண்டு வண்டி. அப்பா போன வருடம் தவறிவிட்டார். அதன் பிறகு தம்பி ஒரு நாள் கோலகங்சாருக்கு ஓட்டிக்கொண்டு போனபோது மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தில் சூடேறி நின்றுவிட்டது. இழுத்துக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்கள். அன்றிலிருந்து ஆளுக்கொரு யோசனை. பக்கத்துப் பட்டறைப் போமன், "எஞ்சின் முடிஞ்சது, வேன் எஞ்சின் ஒன்னு தூக்கிப் போட்டுடலாம்" என்கிறார். தம்பிக்கு ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப்-கட் டர்போ எஞ்சின் வேண்டும். பெரியப்பா விற்றுவிடச் சொல்கிறார். அம்மா எதிலும் தலையிடவில்லை. கல்லுமலைக் கோயிலுக்கு அந்தக் காரில் ஒரு தடவை போக வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

கடிதத்தின் கடைசி வரி இது: "அங்கிள், எஞ்சினை மாத்திட்டா அது அப்பா காரா இருக்குமா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன.

துணியும் டார்ச்சும்

எஞ்சின் தேடிக் கடை கடையாக ஏறுவதற்கு முன், ஒரு பழைய துணியையும் டார்ச் விளக்கையும் எடுத்துக்கொண்டு பானெட்டைத் திறங்கள். எஞ்சின் பிளாக்கில் ஒரு சமமான இடத்தில் எண் பொறித்திருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் படியுங்கள். 120ஒய்யில் வந்த எஞ்சின் ஏ12 என்பதால், எண்ணும் அந்த எழுத்தோடுதான் தொடங்கும். அதைக் கிராண்டில் உள்ள எஞ்சின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதை ஏன் முதல் வேலையாகச் சொல்கிறேன்? அரை நூற்றாண்டு ஓடிய வண்டிகள் இவை. டாக்சியாக ஓடியவை உண்டு, தோட்டத்துச் செம்மண் சாலையில் மூட்டை சுமந்தவை உண்டு. இடையில் எப்போதோ எஞ்சின் மாறியிருந்தால் ஆச்சரியமில்லை. எண் பொருந்தினால், இது வண்டியோடு பிறந்த எஞ்சின். பொருந்தாவிட்டால், உங்கள் அப்பாவோ அவருக்கு முன்பு வைத்திருந்தவரோ ஏற்கெனவே மாற்றியிருக்கிறார். அப்படியானால் அந்தப் பதிவுச் சிக்கலைத் தீர்க்காமல் அடுத்த எஞ்சினைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். எண் இருப்பது பிளாக்கில். பிஸ்டன், கிராங்க், வால்வு, சிலிண்டர் ஹெட் என்று உள்ளே உள்ளதை எல்லாம் மாற்றினாலும் பிளாக் அதுவே என்றால் கிராண்டில் உள்ள எண்ணும் அதுவே. பிளாக்கை மாற்றினால்தான் பத்திரப்படி எஞ்சின் மாறுகிறது.

"முடிஞ்சது" என்று யார் பார்த்தது?

போமன் எஞ்சினைத் திறந்து பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. திறக்காமல் "முடிஞ்சது" என்று சொன்னால் அது அவருடைய அனுமானம்தான்.

ஏ12 எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பு. மேலே உட்கார்ந்திருக்கும் ஹெட் அலுமினியம். சூடேறினால் அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும். தண்ணீர் வற்றிய நிலையில் ஏற்றத்தில் அழுத்தி ஓட்டினால் முதலில் வளைவது ஹெட்தான். இரண்டுக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட் கிழியும். தண்ணீர் சிலிண்டருக்குள் போகும், எண்ணெயில் கலக்கும். எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்ளே பால் கலந்த கோப்பி நிறத்தில் படிந்திருக்கும். பார்ப்பதற்குப் பயங்கரமாக இருந்தாலும், பல நேரங்களில் ஹெட்டை மெஷின் ஷாப்பில் சீவிச் சமப்படுத்தி, புது கேஸ்கெட் போட்டால் தீர்ந்துவிடும்.

அதைவிடக் கடுமையாகச் சூடேறியிருந்தால் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் உராய்ந்து கோடு விழுந்திருக்கும். அதற்கும் வழி உண்டு. சிலிண்டரைச் சற்று அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். ஏற்கெனவே கடைசி அளவு வரை கடைந்தாயிற்று என்றால் புது ஸ்லீவ் இறக்கலாம். பிளாக்கில் ஆழமான வெடிப்பு விழுந்திருந்தாலோ, கனெக்டிங் ராட் உடைந்து பக்கவாட்டில் ஓட்டை போட்டிருந்தாலோதான் "முடிஞ்சது" என்ற சொல் பொருந்தும்.

ஆகவே போமனிடம் கேட்க வேண்டியது: "அண்ணே, ஹெட்டைக் கழற்றி, பிளாக்கை மெஷின் ஷாப்புக்கு அனுப்பி அளந்து பார்க்கலாமா? வெடிப்பு இருக்கான்னு டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க." இதற்கு ஆகும் கூலி பெரிய தொகை இல்லை. அந்த அளவுகள் காகிதத்தில் கைக்கு வரும்வரை பழைய எஞ்சின் பட்டறையை விட்டு எங்கும் போகக்கூடாது. பழைய இரும்புக்காரர் லாரியில் ஏறிவிட்டால் திரும்ப வராது.

பிளாக் நன்றாக இருந்தால் என் பதில் சுருக்கம்: ஓவர்ஹால் செய்யுங்கள், மாற்றாதீர்கள். அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப்போக 1171 சிசி தாராளமாகப் போதும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, தண்ணீர்ப் பம்பையும் தெர்மோஸ்டேட்டையும் ரப்பர் குழாய்களையும் சேர்த்து மாற்றுங்கள். வண்டியை நிறுத்தியது அவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அதை விட்டுவிட்டு எந்த எஞ்சினைப் போட்டாலும் அதே மெனோரா ஏற்றத்தில் அதுவும் நிற்கும்.

வேனிலிருந்து வரும் எஞ்சின்

பிளாக் தேறாது என்று அளவுகள் சொன்னால், போமனின் யோசனை மோசமானதல்ல. அவர் சொல்லும் வேன் நிஸ்ஸான் வேனட் சி22 ஆகத்தான் இருக்க வேண்டும். நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்ற, சந்தைக்குக் காய்கறி சுமந்த அதே வேன். அதிலுள்ள ஏ15 எஞ்சினும் 120ஒய்யின் ஏ12 எஞ்சினும் ஒரே குடும்பம். ஒருவர் அண்ணன், ஒருவர் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேறுபாடு எங்கே என்றால், ஏ12இல் சிலிண்டரின் அகலம் 73 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 70. ஏ15இல் அகலம் 76, தூரம் 82. அதனால் 1171 சிசி 1488 சிசி ஆகிறது. கால் பங்குக்கும் மேல் கூடுதல். பிஸ்டன் நீண்ட தூரம் ஓடும் எஞ்சின் குறைந்த வேகத்திலேயே நன்றாக இழுக்கும். ஏர்கண்டிஷன் போட்டு, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் போகும்போது வித்தியாசம் தெரியும். இடையில் 1397 சிசி ஏ14 எஞ்சினும் உண்டு. நல்ல நிலையில் கிடைத்தால் அதையும் மறுக்க வேண்டாம்.

ஒரே குடும்பம் என்பதால் கியர்பாக்ஸை அப்படியே வைத்துக்கொள்ள முடியும். ஆனால் "அப்படியே உட்கார்ந்துடும்" என்று யாராவது சொன்னால் மூன்று இடங்களைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, ஆயில் சம்ப். வேனில் எஞ்சின் இருக்கும் இடம் வேறு, காரில் வேறு. வேனின் சம்ப் காரின் குறுக்குச் சட்டத்தில் இடிக்கலாம். பழைய ஏ12இன் சம்பும் எண்ணெய் உறிஞ்சும் குழாயும் அப்போது தேவைப்படும். பழைய எஞ்சினை எறிய வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம். இரண்டு, ஏ14, ஏ15 பிளாக் ஏ12ஐவிடச் சற்று உயரம். ஏர் ஃபில்டர் பானெட்டைத் தொடுகிறதா, எக்ஸாஸ்ட் குழாய் பழைய இடத்தில் சேருகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று, ஃப்ளைவீலும் கிளட்ச் தட்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற அளவா என்பது.

வேனில் கடுமையாக உழைத்த எஞ்சின் என்பதையும் மறக்கக்கூடாது. வாங்கும் முன் கம்ப்ரஷன் டெஸ்ட் கட்டாயம். நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள், வேறு எஞ்சினைக் காட்டச் சொல்லுங்கள். சூடான பிறகு எண்ணெய் அழுத்தம் எவ்வளவு, நீலப் புகை வருகிறதா, முன்பக்கம் செயின் சலசலக்கிறதா என்பதையும் பாருங்கள். முக்கியமாக, எஞ்சின் எண் தெளிவாக இருக்க வேண்டும். தேய்த்த தடயமோ, மேலே மறுபடி குத்திய அடையாளமோ இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தம்பி கேட்கும் டர்போ

இனி தம்பியிடம் கொஞ்சம் பேசுகிறேன். எஸ்ஆர்20 டர்போ அருமையான எஞ்சின், மறுக்கவில்லை. சில்வியாவில் வந்தபோது அதன் திறன் 205 குதிரைத்திறன். உங்கள் அப்பாவின் ஏ12 எழுபதைத் தொடாது. ஏறக்குறைய மூன்று மடங்கு. இந்த நாட்டில் 120ஒய்யில் அதைப் பொருத்தி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், அழகாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் எஞ்சின் தனியாக ஓடுவதில்லை. அதன் பலம் கிளட்சுக்குப் போகிறது, அங்கிருந்து கியர்பாக்ஸ், நடுத்தண்டு, பின்னச்சு, கடைசியில் டயர். 120ஒய்யின் பின்பக்கம் பட்டை வில்லில் நிற்கிறது. ஸ்டியரிங்கும் பிரேக்கும் எழுபதுகளின் கணக்கில் செய்தவை. மூன்று மடங்கு பலம் வந்தால் இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியையும் மாற்றியாக வேண்டும். எஞ்சின் உட்காரப் புதுச் சட்டம், பெரிய ரேடியேட்டர், பெட்ரோல் பம்ப், கம்ப்யூட்டர் ஒயரிங், வேறு பின்னச்சு, நான்கு சக்கரத்துக்கும் பிரேக். கிள்ளானில் எனக்குத் தெரிந்த ஒருவர் எஞ்சினை ஒரே மாதத்தில் வாங்கிவிட்டார். மற்றதை எல்லாம் வாங்க நான்கு வருடம் ஆனது. அந்த நான்கு வருடமும் வண்டி ஜாக்கியின் மேல்தான் இருந்தது. வீட்டில் யாரும் அதில் ஏறவில்லை.

உங்கள் அம்மா கேட்டது கோயிலுக்கு ஒரு பயணம். அதை நான்கு வருடம் தள்ளிப்போட முடியுமா என்று அக்காவும் தம்பியும் உட்கார்ந்து பேசுங்கள். தம்பிக்கு டர்போ ஆசை உண்மையானதென்றால், அதற்கென்று வேறொரு வண்டியை வாங்கட்டும். நானே கூட வந்து பார்த்துக் கொடுக்கிறேன்.

சாலை வரியும் கவுண்டரும்

கணக்குப் பார்ப்பவர்களுக்காக: தீபகற்ப மலேசியாவில் தனிநபர் பெயரில் உள்ள சலூன் காருக்கு 1001 முதல் 1200 சிசி வரை சாலை வரி ஆண்டுக்கு 55 வெள்ளி. 1201 முதல் 1400 வரை 70 வெள்ளி. 1401 முதல் 1600 வரை 90 வெள்ளி. ஆக ஏ12இலிருந்து ஏ15க்குப் போனால் கூடுவது 35 வெள்ளிதான். எஸ்ஆர்20இன் 1998 சிசிக்கு 379 வெள்ளி வரும்.

வரியைவிட முக்கியம் அனுமதி. சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987இன்படி கிராண்டில் பதிவான விவரம் மாறும்படி வண்டியில் எதையும் மாற்றினால் ஜேபிஜேயின் ஒப்புதல் வேண்டும். எஞ்சின் எண்ணும் சிசியும் அந்த விவரங்களில் அடக்கம். அதனால் எஞ்சினை இறக்கும் முன்பே ஜேபிஜே கவுண்டருக்குப் போய், உங்கள் வண்டிக்கு என்னென்ன பத்திரம் வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகுதான் பொருத்துவது, பரிசோதனைக்குக் கொண்டுபோவது, கிராண்டில் மாற்றுவது எல்லாம். எஞ்சின் வாங்கிய ரசீதில் எஞ்சின் எண் எழுதியிருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த எஞ்சின் என்றால் சுங்கப் பத்திரத்தின் நகலும் வேண்டும். "பேப்பர் அப்புறம் தர்றேன்" என்கிற கடையில் பணம் கட்டாதீர்கள்.

இந்தக் குடும்பத்துக்கு இன்னொரு படியும் இருக்கிறது. கிராண்டில் இன்னும் அப்பாவின் பெயர்தானே? முதலில் சட்டப்படி வாரிசு ஒருவரின் பெயருக்கு மாற்றுங்கள். பெயர் மாற்றத்தின்போது வண்டியைப் பரிசோதித்தால் எஞ்சின் எண்ணையும் சட்ட எண்ணையும் கிராண்டோடு ஒப்பிடுவார்கள். பழைய எஞ்சின் வண்டியில் இருக்கும்போதே இதை முடித்துவிடுவது சுலபம். பாதி எஞ்சினைக் கழற்றிய பிறகு ஆரம்பித்தால் இரண்டு வேலையும் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும். பிறகு காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பதிவில் ஒரு எஞ்சினும் வண்டியில் வேறொரு எஞ்சினும் இருந்தால், விபத்து நடந்த நாளில்தான் அதன் விலை தெரியும்.

பணத்தைப் பொறுத்தவரை நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான். எஞ்சினுக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்களோ, அதே அளவு இன்னொரு தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். மவுன்டிங் ரப்பர், கிளட்ச், குழாய்கள், பிரேக், கூலி என்று அது கரைந்துவிடும். அந்த இரண்டாவது தொகை கையில் இல்லையென்றால், வரும்வரை வண்டி மூடி போட்டு நிற்கட்டும். நிற்கும் வண்டி பாதி கழற்றிய வண்டியைவிட நல்லது.

அது அப்பாவின் காரா?

இப்போது அந்தக் கேள்வி. அப்பா அந்தக் காரை வைத்திருந்த வருடங்களில் எத்தனை டயர் மாற்றியிருப்பார், எத்தனை பேட்டரி, எத்தனை கிளட்ச் தட்டு! ஒவ்வொரு முறையும் அவர் யோசித்தது நாளைக்கு வண்டி ஓட வேண்டும் என்பதை மட்டுமாகத்தான் இருக்கும். 120ஒய் 1973இல் வந்தது. அந்த ஆண்டின் கடைசியில்தான் உலகம் முழுவதும் எண்ணெய் நெருக்கடி. குறைந்த பெட்ரோல், எளிய எஞ்சின், எந்த ஊர்ப் போமனும் சரிசெய்யக்கூடிய வண்டி. சம்பளத்தை எண்ணிச் செலவழித்த நம் அப்பாக்கள் அதைத் தேடிப் போனதற்கு அதுதான் காரணம். பழுது பார்த்து, பாகம் மாற்றி ஓட்டுவதற்காகவே பிறந்த கார் அது. பிளாக் நன்றாக இருந்தால் காப்பாற்றுங்கள், அது அவர் கை பட்ட இரும்பு. காப்பாற்ற முடியாவிட்டால் அதன் குடும்பத்திலிருந்தே ஒன்றைப் போடுங்கள். அம்மா முன் இருக்கையில் உட்கார்ந்தால் அது அப்பாவின் கார்தான் என்று என் மனத்துக்குப் படுகிறது.

பழைய பிளாக்கை மட்டும் விற்காதீர்கள். எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மரப்பலகையின் மேல் ஸ்டோரில் வையுங்கள். ஏ15இன் ரசீது, பழைய எஞ்சின் எண், மாற்றிய தேதி, அன்றைய கிலோமீட்டர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வருங்காலத்தில் உங்கள் பிள்ளை பானெட்டைத் திறந்து எண்ணைப் பார்க்கும்போது, எது எப்போது ஏன் மாறியது என்று அதற்குத் தெரிய வேண்டும்.

ஓவர்ஹால் செய்தாலும், மாற்றினாலும் முதல் 1000 கிலோமீட்டருக்கு மிதமாக ஓட்டி, எண்ணெயைச் சீக்கிரம் மாற்றுங்கள். நெடுஞ்சாலை கொஞ்சம் காத்திருக்கட்டும். வீட்டிலிருந்து கல்லுமலைக்குப் போய் வரும் தூரம் புது எஞ்சினுக்கு ஏற்ற தூரம்தான்.

அடுத்த வாரம்: பழைய காரின் பின்னிருக்கைக்கு சீட் பெல்ட் பொருத்துவது எப்படி?